கஞ்சித் துணி கட்டிய செடிகள்

ஏற்காடு
18.2.2024

அன்புள்ள தமயந்தி அக்காவுக்கு,

தம்பி பக்தவச்சலம் எழுதுவது. நானும் சுதாவும் சுகம். நீங்களும் கௌதமனும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். என் குரலை இனிக் கேட்கமாட்டேன் என்று நீங்கள் சபதம் போட்டுப் பத்து வருடம் ஆகிறது. கடிதத்துக்குக் குரல் கிடையாதே என்று சுதா சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. நைனா நம் இருவர் பெயரிலும் எழுதிவைத்த இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தை விற்றுவிட முடிவு செய்திருக்கிறேன். மூன்று வருடமாகப் பூ மழை ஏமாற்றுகிறது. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் செடி பூக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது ஒன்று, அந்த மழை தை மாதமே வந்துவிடுகிறது. பழம் பறிக்கிற கையே புதுப் பூவையும் உதிர்க்கிறது. இல்லையென்றால் வருவதே இல்லை. வெயில் ஏறியதும் தண்டு துளைக்கும் வண்டு வேறு வந்துவிட்டது. அது புகுந்த செடி மஞ்சளாகி நிற்கும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாயிரத்து நானூறு செடியில் எண்ணூறு எரித்தாகிவிட்டது.

சேலத்துக்காரர் ஒருவர் விடுதி கட்ட இடம் கேட்கிறார். உங்கள் சம்மதம் இல்லாமல் கிரயம் நடக்காது. சம்மதப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

எனக்கு அறுபத்து நாலு ஆகிறது. வெயிலோடு மல்லுக்கட்ட இனி முடியாது அக்கா.

இப்படிக்கு,
பக்தவச்சலம்


திருத்தணி
1.3.2024

டேய் பக்தா,

எப்போதிலிருந்து நான் உனக்கு நீங்கள் ஆனேன்? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்கினவள் நான். மரியாதையைக் கொடுத்துக் கையெழுத்தை வாங்கிவிடலாம் என்று பார்க்கிறாய்.

நீ அனுப்பிய பத்திரத்தை நான் கிழிக்கவில்லை. நல்ல கெட்டித் தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, வீணாக்க மனம் வரவில்லை. அதில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். திருப்பிப் பார், உன் பென்சில் குறி அப்படியே இருக்கும்.

நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனால் எனக்கு மறதி கிடையாது. தோட்டத்தில் நின்ற பதினொரு மரத்தையும் இங்கே உட்கார்ந்தபடியே எண்ணுவேன். கேணி ஓரத்தில் அத்தி மூன்று. வீட்டுக்குப் பின்னால் பலா இரண்டு. மேல் வேலியில் சில்வர் ஓக் ஆறு. நைனா சம்பளத்துக்கு மேஸ்திரி வேலைக்குப் போவதற்கு முன்னால், விடிந்ததும் வந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தது. உன் மகள் கயல்விழி கல்யாணத்துக்கு, மூன்று வருஷம் கழித்து நான் மலை ஏறி வந்தபோது ஒன்றுகூட இல்லை. செடியெல்லாம் தலையில் முக்காடு இல்லாமல் வெயிலில் நின்றது. பந்தியில் எல்லார் எதிரிலும்தான் கேட்டேன். "நைனா வெச்ச மரத்த வெட்டிட்டு மாலையும் கழுத்துமா நிக்கறியே, உன் குரலு இனிமே என் காதுல வுழக்கூடாது" என்றேன். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாய், ஊற்றிக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டாய். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நிழலை நீ வெட்டினாய். வெயில் வந்தது. வண்டு வந்தது. இப்போது வெயில்மேல் பழி போட்டு விற்கப் பார்க்கிறாய். போடமாட்டேன் கையெழுத்து.

வெறுமனே திட்டுவதற்கு எழுதவில்லை. வண்டு பட்டையின் வெடிப்பில்தான் முட்டை வைக்கும். நைனா தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்து, சாக்கைச் சுற்றிக் கட்டுவார். உனக்கு அப்போது ஆறு வயது, சாக்குக்குள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தாய், உனக்கு எங்கே தெரியும். சாக்கு வெயிட்டு. எங்கள் விசைத்தறியில் தள்ளுபடியான துணியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து இரண்டு மூட்டை கட்டியிருக்கிறேன். சேலம் பஸ்ஸில் வருகிறது. வண்டு பறக்கிற சித்திரைக்குள் கட்டி முடி.

கௌதமன் கேட்கிறான்: "ஏம்மா, அவரு செடி, அவரு பாடு. நீ ஏன் திருத்தணியில குந்திகினு ஏற்காட்டுல வெவசாயம் பண்ற?" அவனுக்கு என்ன தெரியும்.

தமயந்தி


ஏற்காடு
11.5.2024

அக்கா,

நீ சொன்னபடி நீ என்றே எழுதுகிறேன். எனக்கும் அதுதான் வசதி.

உன் துணி வந்தது. நான் மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. சுதாதான் ஒரு வருடம் கட்டித்தான் பார்ப்போமே என்றாள். இரண்டு பேரும் முட்டி போட்டு அறுநூறு செடிக்குக் கட்டினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அவளுக்கு நகம் பெயர்ந்தது.

மூன்றாம் வாரம் செடிகளின் காலடியில் மண் கோடு ஏறியது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கறையான். ஒன்றிரண்டு செடியில் இல்லை, கட்டின வரிசை பூராவும். துணியை முகர்ந்து பார்த்தேன். கஞ்சி. தறியிலிருந்து எடுத்ததை அலசாமல் அப்படியே அனுப்பியிருக்கிறாய். நாற்பத்தெட்டு வருடமாக நெசவுக்காரர் வீட்டில் இருக்கிறாய், பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள் என்பது உனக்குத் தோன்றவில்லையா? சுதா சொன்னாள்: "உங்க அக்கா கறையானுக்குப் புதுத் துணி எடுத்துக் குடுத்திருக்காங்க, பொங்கலுக்கு எனக்குக்கூட எடுக்கல." அறுநூறு துணியையும் அவிழ்த்து எரித்தோம்.

பூ மழை பத்து நிமிடம் பெய்தது. மொட்டு பாதி விரிந்து அப்படியே கருகிவிட்டது. பத்து நிமிட மழை பெய்யாமலே இருந்திருக்கலாம். செடி ஏமாந்துபோய்விட்டது. காலையில் போர்வை போர்த்திக்கொண்டு வேலைக்குப் போன ஊரில் இப்போது டேபிள் பேன் வாங்கியிருக்கிறேன்.

கீழே இருந்துகொண்டு ஆணையிடுவது சுலபம். சிறு வயதிலிருந்தே உனக்கு அது பழக்கம். பழம் பறிக்கிற மாதத்தில் வந்து பத்து நாள் நிற்பாய், எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டுத் திருத்தணிக்குப் பஸ் ஏறிவிடுவாய். மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் இங்கே இருப்பவன் நான்.

சேலத்துக்காரர் இன்னொரு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதன் பின்பக்கமும் வெள்ளைதான். தயவுசெய்து முன்பக்கத்தைப் பார்.

பக்தவச்சலம்


திருத்தணி
20.5.2024

பக்தா,

கஞ்சி என் தப்பு. எழுதிவிட்டேன், இரண்டு முறை எழுதமாட்டேன்.

உன் கடிதத்தைக் கௌதமன்தான் படித்துக் காட்டினான். கறையான் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். மருமகளும் சிரித்தாள். தறிச் சத்தத்தில் எனக்கு இடது காது போய் மூன்று வருஷமாகிறது, அவர்கள் அந்தப் பக்கம் நின்று சிரித்தால் கேட்காது என்று நினைக்கிறார்கள். வாய் தெரிகிறதே.

அதனால் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. இந்த முறை மூன்று மூட்டை. மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் விரித்தேன். அரை நாளில் விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிட்டது. இங்கே வெயில் பாறையைப் பிளக்கிறது, கனகம்மாசத்திரத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கப் பயப்படுகிறார்கள். அந்த வெயிலை நான் வேலை வாங்கினேன். நீ டேபிள் பேன் வாங்கினாய்.

தண்டைத் தேய்த்துவிட்டுக் கட்டு. மண்ணைத் தொடாமல் ஒரு சாண் மேலே ஆரம்பி. ஐப்பசியில் வண்டு மறுபடி பறக்கும், அதற்குள் முடித்துவிடு. ஆனி மழையில் முள்முருங்கைக் கொம்பு வெட்டி, நான்கு செடிக்கு ஒன்றாக நடு. மரம் வளரப் பத்து வருஷம் ஆகும் என்று சொல்வாய் என்று தெரியும். முள்முருங்கைக்குப் பத்து வருஷம் வேண்டாம், அடுத்த கோடைக்கு உன்னைவிட உயரமாக நிற்கும்.

பத்திரம் அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது. நீ வெட்டின மரமெல்லாம் எழுந்து நிற்கட்டும், அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். நைனா வைத்ததை வெட்ட உனக்கு யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு அன்றைக்கும் நீ பதில் சொல்லவில்லை.

தமயந்தி


ஏற்காடு
3.7.2024

அக்கா,

யார் சொன்னது என்று கேட்டாய். பத்து வருடம் கழித்துச் சொல்கிறேன்.

இத்துடன் ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். 9.12.2011 தேதி போட்டது. அந்த வருடம் மழை விடாமல் பெய்து, இலையெல்லாம் துரு நோய் பிடித்துக் கொட்டியது. என்ன செய்யலாம் என்று உனக்குத்தான் எழுதிக் கேட்டேன். உன் கைப்பட வந்த பதில் இது. தாள் நைந்திருப்பதால் நானும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"தம்பிக்கு, துரு பிடிப்பதற்கு இருட்டுதான் காரணம். அத்தி மூன்றும் பலா இரண்டும் எதற்கு? வெட்டித் தள்ளு. வெயில் உள்ளே விழட்டும். இங்கே திருத்தணியில் பாறையே வேகிறது, அதிலும் வேர்க்கடலை விளைகிறது. வெயிலைக் கண்டு பயப்படாதே. தமயந்தி."

காப்பி வேர்க்கடலை இல்லை என்று எனக்கும் அன்று தோன்றியது. ஆனால் நீ சொன்னால் நான் மாற்றிப் பேசி வளர்ந்தவன் இல்லை. ஐந்தையும் வெட்டினேன். மரம் ஏற்ற வந்த வியாபாரி மேல் வேலியைப் பார்த்து ஓக்கையும் கேட்டார். வெட்டினதோடு வெட்டினதாக அதையும் கொடுத்தேன். அந்த ஆறு என் தப்பு, உன் தலையில் வைக்கமாட்டேன். முதல் இரண்டு வருடம் காய்ப்பு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து, நீ சொன்னது சரி என்றே நினைத்தேன்.

கல்யாணப் பந்தியில் நீ கேட்டபோது இந்தக் கடிதம் பத்தடி தூரத்தில் பீரோவில் இருந்தது. சுதா எடுக்கப் போனாள். நான்தான் தடுத்தேன். சம்பந்தி வீட்டார் எதிரில் உன் கையெழுத்தை எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. நீயே வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்ப்பாய், எழுதுவாய் என்று இருந்தேன். உனக்குத்தான் மறதி கிடையாதே.

துணி வந்து சேர்ந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

பக்தவச்சலம்


திருத்தணி
2.8.2024

பக்தா,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம், வீடு முழுக்கக் காவடிக்கு வந்த உறவு, அதனால் எழுதவில்லை என்று எழுதலாம். அது பொய்.

உன் கடிதம் வந்த அன்று, யாரோ என் மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். நான் போடுகிற சுழி. நான் விடுகிற ஒற்று. கௌதமனிடம் காட்டவில்லை, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது பக்தா. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எத்தனை வெற்றிலை குறைத்து வைத்தார்கள் என்று தெரியும். மணவூர் ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்காமல் நின்ற மாமனார் எந்தக் கலர் துண்டு போட்டிருந்தார் என்று தெரியும். இது மட்டும் எங்கே போனது? ஒரு வாரம் யோசித்ததில் கிடைத்தது. அன்று இங்கே பாவு அறுந்து தறி நின்றுபோயிருந்தது. வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். நான் கல்லாப்பெட்டி மேலே தாளை வைத்து நின்றுகொண்டே எழுதினேன். உன் தோட்டத்தைப் பற்றிக் கால் நிமிஷம் யோசித்திருப்பேன். கால் நிமிஷத்தில் ஐந்து மரம்.

அடுத்தவர் செய்தது ஒன்றுவிடாமல் இருக்கிறது, நான் செய்தது இல்லை. இந்த வயதில் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, நீ எதிர்பார்க்கவும் மாட்டாய். கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அரிசி டிரம்முக்கு அடியிலிருந்து பத்திரத்தை எடுத்துவிட்டேன். பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். பயந்துபோய்ப் போட்டேன் என்று நினைக்காதே. நீ மட்டும்தான் தப்பு செய்தாய் என்று நினைத்ததால்தான் தடுத்தேன். நானும் செய்திருக்கும்போது தடுக்கிற வாய் எனக்கு இல்லை.

ஆனால் சொல்கிற வாய் இருக்கிறது. விற்காதே. விடுதிக்காரன் மீதி ஆயிரத்து அறுநூறையும் பிடுங்கிவிட்டு, வருகிறவர்களுக்குக் காட்டத் தொட்டியில் நான்கு காப்பிச் செடி வைப்பான். வெயில் எங்கே போனாலும் வரும். விற்றுவிட்டுக் கீழே சேலத்தில் போய் உட்கார்ந்தால் விட்டுவிடுமா? திருத்தணியில் விட்டதா? தோற்கிறதாக இருந்தால் செடி பக்கத்தில் நின்று தோற்றுப் போ. படுத்துக்கொண்டு தோற்காதே.

பத்திரம் உன் கையில். மூட்டையும் உன் கையில்.

தமயந்தி


திருத்தணி
31.12.2024

பக்தா,

ஐந்து மாதமாகிறது. நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்றைக்குப் படித் திருவிழா. முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கிறார்கள். முட்டி வலியோடு அறுபதாவது படி வரை ஏறினேன். அதற்கு மேல் முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விற்றிருந்தால் விற்றுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நான் அழமாட்டேன். பதில் இல்லாமல் வைத்திருப்பதுதான் எனக்கு ஆகாது.

தமயந்தி


ஏற்காடு
6.4.2025

அக்கா,

முதலில் இந்தத் தாளைத் திருப்பிப் பார். பிறகு படி.

பார்த்துவிட்டாயா? நீ கையெழுத்துப் போட்ட அதே பத்திரம்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன். பூ வராமல் எழுதக்கூடாது என்று இருந்தேன். வெறும் வீம்பை எழுதி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. எதையாவது காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

உன் இரண்டாவது கடிதத்தில் இருந்தபடி முள்முருங்கைக் கொம்பு நானூறு நட்டேன். ஆனி மழை தவறி, ஆவணியில்தான் நட முடிந்தது. நூற்றுப்பத்து காய்ந்துபோயிற்று. மீதி தளிர்விட்டு என் தோள் வரை நிற்கிறது. நிழல் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. மத்தியானத்தில் செடிமேல் ஒரு வலை போட்ட மாதிரி விழுகிறது. அது போதும் என்று இலை சொல்கிறது, போன வருடம்போல் சுருளவில்லை.

உன் துணியைப் புரட்டாசிக்குள் கட்டி முடித்தோம். ஒரு சாண் விட்டுத்தான் கட்டினோம். கறையான் வரவில்லை. தை மாதம் பழம் பறித்து முடித்ததும் சிலவற்றை அவிழ்த்துப் பார்த்தோம். வெளியே வர முடியாமல் துணிக்குள்ளேயே வண்டு செத்துக் கிடந்தது. முந்தின வருடம் முந்நூறு செடி எரித்தேன். இந்த வருடம் நாற்பத்தொன்று. சுதா ஒவ்வொன்றுக்கும் உன் பெயரைச் சொல்லித்தான் அவிழ்த்தாள், நல்லபடியாகத்தான்.

மேட்டில் ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்தேன். பங்குனியில் ஒரே ஒரு மழை, அரை மணி நேரம். மழை நின்றதும் குழித் தண்ணீரை மேல் வரிசைக்குப் பாய்ச்சினோம். ஒன்பதாம் நாள் பூத்தது. முழுக்க இல்லை, கீழ் வரிசை இந்த வருடமும் ஏமாற்றிவிட்டது. ஆனால் மேலே எழுநூறு செடி வெள்ளையாக நின்றது. நான்கு வருடம் கழித்து அந்த வாசனை வீட்டுக்குள் வந்தது.

சேலத்துக்காரர் இதுவரை நான்கு முறை வந்துபோனார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொன்னேன்: "எங்க அக்கா கையெழுத்துப் போடமாட்டேங்குது சார். அது ஒரு மாதிரி." கடைசி முறை அவர் உன்னை என்னவெல்லாமோ சொன்னார். பத்திரம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. ஏற்காடு முழுக்க உன் பெயர் கெட்டுவிட்டது. அதற்கு நானும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

தம்பி,
பக்தவச்சலம்


திருத்தணி
15.4.2025

பக்தா,

கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். அவர் ஐந்தாவது முறை வந்தாலும் அதையே சொல். ஒரு மாதிரி என்றாயே, இரண்டு மாதிரி என்று சொல்.

வைகாசி முடிந்ததும் வருகிறேன். கௌதமன் கூட வந்து விட்டுவிட்டுப் போவான். அத்தி மூன்று, பலா இரண்டு, கன்று பார்த்து வை. கேணி ஓரத்தில் மூன்று குழி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு குழி, நான் வந்துதான் வெட்டுவேன், நீ கை வைக்காதே. மேல் வேலியில் உன் ஆறு குழியை நீ வெட்டு. அவை காய்க்கிறபோது நான் இருக்கமாட்டேன் என்று எழுதாதே, எனக்குத் தெரியும். நிழலுக்கு நான் இருக்க வேண்டியதில்லை.

கீழ் வரிசை ஏன் ஏமாற்றியது என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். இந்த முறை கால் நிமிஷத்தில் சொல்லமாட்டேன். பத்து நாளில் பஸ் ஏறவும் மாட்டேன், சுதாவிடம் சொல்லிவை. அவளுக்குப் புடவை எடுத்திருக்கிறேன், கஞ்சியை அலசியாயிற்று.

இன்னொன்று. உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று சொன்னது சொன்னதுதான். பத்து பேர் எதிரில் சொன்னதை நான் மாற்றமாட்டேன். இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. குழி வெட்டும்போது அந்தப் பக்கம் வந்து நில். பத்து வருஷமாகச் சேர்த்துவைத்திருப்பாய், எவ்வளவு வேண்டுமானாலும் பேசு.

அக்கா